பெட்ல (முட்டை போடற கூட்டுல) நிக்கிற பாஸ் மீனைப் பிடிக்கலாமா? (ஃபோட்டோ இழையில ஆரம்பிச்ச சண்டை, இங்க வந்து போடுங்க)

லேக்ஃபோர்க்_செந்தில் (டல்லாஸ்)

ஃபோட்டோ இழையை நாசம் பண்ண வேணாம்னு தனியா திறக்கிறேன். மார்ச்ல நான் போட்ட எட்டு பவுண்ட் லார்ஜ்மவுத் பாஸ் ஃபோட்டோவுக்கு கீழ "முட்டை போட வந்த மீனைப் பிடிக்கறியே மனசாட்சி இருக்கா"ன்னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம் திட்டு. சரி, இங்க பேசுவோம்.

டெக்சாஸ்ல பாஸுக்கு மூடின சீசனே கிடையாது, வருஷம் முழுக்க பிடிக்கலாம். பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் பெரிய பெண் மீனெல்லாம் கரையோரம் வரும், மத்த நாள்ல இருபது அடி ஆழத்துல எங்க இருக்குன்னே தெரியாது, அதனால எல்லாரும் அப்பதான் லீவு போட்டுட்டு கிளம்பறாங்க. போலரைஸ்டு கண்ணாடி போட்டா பெட் கண்ணுக்கு நேரா தெரியுது, வெள்ளை கலர் பிளாஸ்டிக் லூர் (போலி இரை) போட்டு பொறுமையா ஆட்டினா எடுக்கும், எடை பார்த்து ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு அங்கயே விட்டுடறேன். திங்கறதில்ல, விக்கறதில்ல, சட்டத்தையும் மீறல. இதுல எங்க பாவம் வருது?

ஸ்கார்பரோ_குமரன்

தம்பி, உங்கடை ஊர்ச் சட்டம் உங்களுக்கு. இஞ்சை ஒண்டாரியோவின்ரை தெற்குப் பக்கம் பெரும்பாலான இடத்திலை ஜூன் மூண்டாவது சனி வரைக்கும் பாஸுக்குத் தூண்டில் போடவே ஏலாது. பிடிச்சுப்போட்டு விடுறன் எண்டு சொன்னாலும் குற்றம்தான், ஏனெண்டால் மூடின சீசனிலை அந்த மீனைப் பிடிக்க முயற்சிக்கிறதே பிழை எண்டு சட்டத்திலை இருக்கு. கவார்த்தா ஏரியள் பக்கம் மே மாதக் கடைசியிலை போனியள் எண்டால் டொக்குக்குக் (படகுத்துறைக்கு) கீழையே ஆண் மீன் வட்டம் போட்டுக்கொண்டு நிக்கும், சின்னப் பிள்ளையள் கூட எட்டிப் பாக்குங்கள், ஒருத்தரும் போடக்கூடாது. போடுற ஆக்களும் இருக்கினம், கேட்டால் "நான் பைக் (pike) மீனுக்குத்தான் போட்டனான், இது தானா வந்து கொழுவிட்டுது" எண்டு ஒரே கதை.

டிட்ராய்ட்_மணி

அந்த பைக் கதை இங்க மிச்சிகன்லயும் ஓடிச்சு அண்ணே. 2015ல பெரும்பாலான தண்ணில வருஷம் முழுக்க பிடிச்சு விடலாம்னு மாத்திட்டாங்க, அதுக்கப்புறம் யாருக்கும் பைக் மேல ஆசையே இல்ல 😀

மீன்முள் (இல்லினாய்ஸ்)

செந்தில் ப்ரோ கேட்டது நியாயமான கேள்விதான், ஆனா "அங்கயே விட்டுடறேன்"ங்கற இடத்துலதான் பிரச்சனையே இருக்கு. பெட்ல உண்மையில என்ன நடக்குதுன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

தண்ணி 15, 16 டிகிரி செல்சியஸ் தாண்டினதும் ஆண் மீன் கரையோரம் வந்து ஒரு இடத்தைப் பிடிக்கும். வாலாலயே அடியில இருக்கற சேறை அடிச்சுத் தள்ளி சரளைக்கல்லோ வேரோ தெரியற வரைக்கும் ரெண்டு மூணு அடி அகலத்துக்கு சுத்தம் பண்ணும், அதான் நமக்கு மேல இருந்து வெளிர் வட்டமாத் தெரியுது. அந்த நேரத்துல ஒரு ஆண் மீனைக் கையில எடுத்தா வாலோட கீழ்ப்பக்கத்தைப் பாருங்க, துடுப்பு தேஞ்சு நுனி வெளுத்து, சிலதுக்கு ரத்தம் கட்டியே இருக்கும். பெண் வந்து முட்டை போட்டுட்டு கிளம்பிடும், அத்தோட அதுக்கு வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் முட்டைக்கு மேல துடுப்பை ஆட்டி சேறு படியாம பார்த்துக்கறது, வர்றவனை எல்லாம் துரத்தறது, குஞ்சு பொரிச்சு மேல எழும்பி கூட்டமா நீந்தறப்போ கூடவே சுத்தறது எல்லாம் ஆண்தான், ரெண்டு வாரத்துல இருந்து ஒரு மாசம் வரைக்கும். அந்த நாள்ல ஒழுங்கா இரை தேடிப் போகாது, உடம்புல இருக்கற கொழுப்பை வெச்சு ஓட்டும்.

நீங்க அதைத் தூக்கினதும் அந்த வட்டம் காலி. புளூகில்ங்கற சின்ன மீன் கூட்டம் ரெண்டடி தள்ளி நின்னு இதுக்காகவே காத்துக்கிட்டு இருக்கும், நிமிஷக் கணக்குல வந்து மேய ஆரம்பிச்சுடும். பெரிய ஏரிகள்ல ரவுண்ட் கோபிங்கற மீன் வேற, ஈரி ஏரில ஸ்மால்மவுத் (பாஸ்ல இன்னொரு வகை) முட்டையை அது எவ்வளவு வேகமாத் தின்னுதுன்னு நேரடியாவே தண்ணிக்குள்ள இறங்கிப் பார்த்திருக்காங்க. திரும்பி வர்ற ஆண், மிச்சம் எவ்வளவு இருக்குன்னு பார்த்து, ரொம்பக் குறைஞ்சிருந்தா கூட்டையே விட்டுட்டுப் போயிடும். ரொம்ப நேரம் இழுத்து சோர வெச்சு விட்டா திரும்பி வரவே நேரமாகும். ஒண்டாரியோல ஒபினிகன் ஏரில குயின்ஸ் பல்கலைக்கழகத்தோட ஆய்வு நிலையம் இருக்கு, அங்கதான் டேவிட் ஃபிலிப் குழு இதையெல்லாம் வருஷக்கணக்கா பார்த்து, பிடிச்சு விட்ட ஆணோட கூடு தோத்துப் போறது அதிகம்னு 1997ல எழுதினாங்க.

லேக்ஃபோர்க்_செந்தில்

இதெல்லாம் படிச்சிருக்கேன் ப்ரோ. ஒரு கூடு போச்சுன்னா ஏரி போச்சா? பெண் மீன் எடையில ஒவ்வொரு பவுண்டுக்கும் ஆயிரக்கணக்குல முட்டை போடுது, அதுல ஒரு வயசு வரைக்கும் வர்றதே கைவிரல் எண்ணிக்கைதான். நூறு கூட்டுல இருபது போனா மிச்ச எண்பதோட குஞ்சுக்கு இரை கூட கிடைக்கும். இங்க அரசாங்கமே ஷேர்லங்கர்னு 1986ல இருந்து திட்டம் நடத்துது, ஜனவரி முதல் தேதில இருந்து மார்ச் 31க்குள்ள 13 பவுண்டுக்கு மேல பெண் மீன் பிடிச்சா வந்து வாங்கிட்டுப் போய் இங்க ஏதென்ஸ்ங்கற ஊர்ல இருக்கற பண்ணையில முட்டை போட வெச்சு குஞ்சுகளை ஏரிகள்ல விடறாங்க. முட்டைக்கு வந்த மீனைப் பிடிக்காதேன்னா அந்தத் திட்டமே இருக்காதே!

பஃபலோ_ரவி

செந்தில் சொல்றதுல எண்ணிக்கை சம்பந்தப்பட்ட பாதி சரிதான்னு நினைக்கிறேன். நியூயார்க்ல 2006ல வசந்தகால பிடிச்சு-விடற சீசனை முதல் தடவையா திறந்தாங்க. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒனைடா, ஈரி மாதிரி ஏரிகள்ல ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு குஞ்சு தேறி வந்துதுன்னு ஒப்பிட்டுப் பார்த்தாங்க, விழுந்துடுச்சுன்னு சொல்ற மாதிரி எதுவும் தெரியல. குஞ்சு தேறுறதை முடிவு பண்றது பெரும்பாலும் வெயில், காத்து, தண்ணி மட்டம், இரை. மே மாசக் கடைசியில ஒரு குளிர் காத்து மூணு நாள் அடிச்சா அது அழிக்கற கூட்டை நம்ம எல்லாரும் சேர்ந்தாலும் அழிக்க முடியாது. 2022ல சட்டத்தை இன்னும் சுலபமாக்கி டிசம்பர் 1ல இருந்து ஜூன் 14 வரைக்கும் பிடிச்சு விடலாம், ஜூன் 15ல இருந்து எடுத்துட்டுப் போகலாம்னு வெச்சுட்டாங்க.

(சம்பந்தமில்லாத ஒண்ணு: நம்மூர்ல கிழக்குக் கடற்கரை தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து அதே ஜூன் 14 வரைக்கும்தான். அப்பா காசிமேட்டுக்கு வஞ்சிரம் வாங்க அலையற அன்னிக்கு நான் இங்க கூலரைத் தூக்கிட்டுக் கிளம்பறேன்.)

மீன்முள்

ரவி அண்ணா, அந்த ஒப்பீட்டை நான் மறுக்கல. பெரிய ஏரி, மீனும் நிறைய, பிடிக்கறவங்க பரவலா இருக்காங்கன்னா மொத்த எண்ணிக்கை தாங்கும். ஐம்பது ஏக்கர் ஏரில தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருந்து ஒவ்வொரு கூட்டையும் தேடிப் போய் தட்டினா அது வேற கணக்கு. ஆனா எனக்கு எண்ணிக்கையை விட உறுத்தறது இன்னொரு விஷயம்.

இங்க இல்லினாய்ஸ்ல ரிட்ஜ் லேக்னு சின்ன ஏரி. எழுபதுகள் கடைசியில அங்க பிடிக்கற ஒவ்வொரு பாஸுக்கும் அடையாளம் போட்டு, எது எத்தனை தடவை மாட்டுதுன்னு எழுதி வெச்சு விட்டாங்க. கடைசியில ஏரியையே வடிச்சுப் பார்த்தப்போ சிலது திரும்பத் திரும்ப மாட்டின மீன், சிலது ஒரு தடவை கூட மாட்டாதது. அந்த ரெண்டையும் தனித்தனியா மூணு தலைமுறை இனப்பெருக்கம் பண்ண வெச்சா, தூண்டில்ல மாட்டற சுபாவம் பரம்பரையா வருதுன்னு தெரிஞ்சுது, 2009ல வெளியாச்சு. அதோட விட்டாலும் பரவாயில்ல, 2012ல வந்த அடுத்த ஆய்வுல, சுலபமா மாட்டற வம்சத்து ஆண்தான் கூட்டையும் நல்லாக் காவல் காக்குது, அதுங்களுக்குத்தான் குஞ்சும் அதிகமாத் தேறுதுன்னு வந்துச்சு. அதாவது பெட்ல நிக்கறதை நாம குறி வெச்சா, கடிக்கற ஆண், துணிஞ்சு முன்னாடி வர்ற ஆண், நல்ல அப்பன், அவன் கூடுதான் முதல்ல போகுது. சோம்பேறியா ஓரத்துல நிக்கறவன் கூடு பிழைக்குது. நாற்பது ஐம்பது வருஷம் இதையே பண்ணினா எந்த மாதிரி மீன் மிஞ்சும்னு யோசிங்க, எண்ணிக்கையில குறையே தெரியாது.

டிட்ராய்ட்_மணி

அதான் இப்பல்லாம் எதுவும் கடிக்க மாட்டேங்குதா, நான் என் லூரைத்தான் சந்தேகப்பட்டேன்

கயல் (ஆஸ்டின்)

செந்தில் அண்ணா, நானும் டெக்சாஸ்தான், நானும் மார்ச்ல தண்ணில இருப்பேன், அதனால கனடாக்காரங்க உபதேசம்னு இதை ஒதுக்காதீங்க. எனக்கு ஆராய்ச்சி எல்லாம் அடுத்துதான். மத்த நாள்ல பாஸ் நம்ம லூரை எடுக்குதுன்னா ஏமாந்துதான் எடுக்குது, பசி, அல்லது கோபம், அல்லது ஆர்வம், அது ஒரு ஆட்டம், அதுக்கும் தப்பிக்க வழி இருக்கு. பெட்ல அந்த மீன் லூரை எப்படி எடுக்குதுன்னு நீங்க பார்த்திருப்பீங்க. முழுங்கறதில்ல. உதட்டு நுனியால கவ்வி வட்டத்துக்கு வெளியே கொண்டு போய் துப்புது. திரும்ப உள்ள போட்டா திரும்ப எடுத்துட்டுப் போய் துப்புது. அது வீடு கூட்டற வேலை. அந்த ஒரு செகண்டைப் பார்த்து கொக்கியை அடிக்கறதுக்கு திறமை வேணும்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த மீனால போகவும் முடியாது சும்மா இருக்கவும் முடியாதுன்னு தெரிஞ்சே அரைமணி நேரம் அதே இடத்துல போடறது எனக்குப் பிடிக்கல. சட்டம் தப்புன்னு சொல்லல, உங்களைக் கெட்டவர்னும் சொல்லல.

டோர்னமெண்ட் ஆளுங்க இதை விட மோசம். ஆணைப் பிடிச்சு லைவ்வெல்ல (படகுல இருக்கற தண்ணித் தொட்டில) போட்டு மதியம் வரைக்கும் ஏரி முழுக்க சுத்தி, எடை போடற இடத்துல, அதாவது கூட்டுல இருந்து பத்து மைல் தள்ளி, "உயிரோட விட்டோம்"னு கை தட்டறாங்க. மேஜர் லீக் ஃபிஷிங்காரங்க 2019ல ஆரம்பிச்ச பாஸ் ப்ரோ டூர்ல படகுலயே எடை போட்டு அங்கயே விடறாங்க, அதை எல்லாரும் பண்ணலாமே, என்ன கஷ்டம்?

லேக்ஃபோர்க்_செந்தில்

டோர்னமெண்ட் விஷயத்துல உங்க பக்கம்தான் நான், மார்ச் மாசத்துல லைவ்வெல் வேணாம். மத்தபடி ஒண்ணு கேக்கறேன். பசியோட இருக்கறதை ஏமாத்தினா விளையாட்டு, கோபமா இருக்கறதை ஏமாத்தினா பாவமா? கொக்கி ஒரே கொக்கிதான். தூண்டில் போடறதே ஒரு உயிரை வம்புக்கு இழுக்கறதுதான், அதுல இது ஓகே அது நாட் ஓகேன்னு கோடு போடறது நம்ம மனசு சமாதானத்துக்கு.

பெரிய மீன் பெண்தான், நான் தேடறதும் அதைத்தான். பெண் எப்படியும் முட்டை போட்டுட்டுப் போகப் போகுது, ஆண் கூட்டுலயே இருக்கான், அப்ப யாருக்கு என்ன நஷ்டம்?

கயல்

முட்டை போடறதுக்கு முன்னாடி இழுத்தீங்கன்னா நஷ்டம். போட்டுதா இல்லையான்னு மேல இருந்து பார்த்தா உங்களுக்குத் தெரியுமா? அப்புறம் பெண்ணை அடைய பெரும்பாலும் முதல்ல ஆணைத்தான் பிடிச்சு ஓரம் கட்டறாங்க, யூடியூப்ல பாதி வீடியோ அதுதானே, ஆணை லைவ்வெல்ல "கொஞ்ச நேரம்" வெச்சுட்டு பெண்ணுக்குக் காத்திருக்கறது.

கோடு போடறது மனசு சமாதானத்துக்குன்னு சொன்னீங்களே, டாட்டி கதை ஞாபகம் இருக்கா? கலிஃபோர்னியால டிக்சன் லேக்ல 2006 மார்ச்ல மேக் வீக்லி பெட்ல பார்த்துப் பிடிச்ச மீன், கைத்தராசுல 25 பவுண்ட் 1 அவுன்ஸ். 1932ல இருந்து நிக்கற 22 பவுண்ட் 4 அவுன்ஸ் சாதனையைத் தூக்கி சாப்பிடற எடை. ஆனா கொக்கி வாயில இல்லாம உடம்புல மாட்டியிருந்துது. அந்த ஆள் விட்டுட்டார், சாதனைக்கு விண்ணப்பமும் பண்ணல. ரெண்டு வருஷம் கழிச்சு 2008ல செத்து மிதந்தப்போ உடம்புல இருந்த கறுப்புப் புள்ளியை வெச்சுத்தான் அடையாளம் கண்டுபிடிச்சாங்க. உலக சாதனைக்கே ஒரு ஆள் கோடு போட்டிருக்கார், நாம ஃபோட்டோவுக்குப் போட முடியாதா.

டெல்டா_விரால் (தஞ்சாவூர்)

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும், பாஸ் நான் பார்த்ததே இல்ல, வீடியோலதான். ஆனா நீங்க பேசற அத்தனையும் எங்க ஊர் விராலுக்கு அப்படியே பொருந்துது. மழை விழுந்து வாய்க்கால்ல புதுத்தண்ணி வந்ததும் விரால் ஜோடி சேரும், குஞ்சு பொரிச்சதும் செக்கச்செவேல்னு ஒரு கூட்டமா தண்ணி மேல குமிழ் விட்டுக்கிட்டு நகரும், தாயும் தகப்பனும் கீழயே நிக்கும். கரையில இருந்து பார்த்தாலே எங்க இருக்குன்னு தெரிஞ்சுடும். முன்னல்லாம் வலைதான், இப்ப பசங்க ரப்பர் தவளை வாங்கிட்டு வந்து நேரா குஞ்சுக் கூட்டத்து மேலயே போடறானுங்க, தகப்பன் வந்து அடிக்கும். எங்க பக்கத்துப் பெரியவங்க குஞ்சோட இருக்கற விராலைத் தொட மாட்டாங்க, தொடறவனைத் திட்டுவாங்க, அதுக்கு சட்டம் எதுவும் தேவைப்படல. இப்ப திட்ட ஆளில்ல. பாஸையாவது திரும்ப விடறீங்க, விரால் நேரா சட்டிக்குத்தான் போகுது, தகப்பன் போனதும் குஞ்சுக கொக்குக்கும் கெளுத்திக்கும்.

ஷிகா_பிரபு (ஜப்பான்)

எல்லாரும் பாஸுக்காக அழறீங்க, நான் இருக்கற ஊருக்கு வாங்க. பிவா ஏரி. 2009 ஜூலைல மனாபு குரிதா பிடிச்சு 1932 சாதனையை சமன் பண்ணின அதே ஏரி. பாஸ் இங்க அயல் மீன், உள்ளூர் மீனையெல்லாம் தின்னு தீர்த்துடுச்சுன்னு ஷிகா மாகாணத்துல பிடிச்ச பாஸை திரும்ப விடறதே 2003ல இருந்து தடை, கரையில அதைப் போடறதுக்குன்னே தொட்டி வெச்சிருக்காங்க. மியாகி பக்கம் இசுநுமாங்கற ஏரில இன்னும் ஒரு படி மேல, செயற்கையா முட்டையிடற தட்டு பண்ணி தண்ணிக்குள்ள வெச்சு, பாஸ் வந்து அதுல முட்டை போட்டதும் தூக்கி அழிச்சுடறாங்க, அதைப் பண்றவங்க அந்த ஊர் தன்னார்வலர்கள். நீங்க பாவம்னு சொல்ற அதே வேலை இங்க ஊருக்குப் பண்ற சேவை. அப்ப பாவம் மீன் மேலயா இருக்கு, ஏரி மேலயா?

ஸ்கார்பரோ_குமரன்

பிரபு, ஜப்பானுக்கே போகத் தேவையில்லை. நியூ பிரன்ஸ்விக்கிலை மிராமிச்சி ஏரிக்குள்ளை ஆரோ ஸ்மால்மவுத்தைக் கொண்டுவந்து விட்டு, சாமன் மீனுக்கு ஆபத்தெண்டு 2022இலை அந்தப் பக்கத்து மிராமிச்சி ஆத்திலை ரோட்டினோன் (மீனைக் கொல்லுற மருந்து) அடிச்சவை. ஏரிதான் முதல், அதிலை எனக்குச் சந்தேகம் இல்லை. இஞ்சை பாஸ் சொந்த மீன், அதாலை இஞ்சை காவல்.

ஆனா நான் சொல்ல வந்தது வேறை. நாங்கள் இதை "நல்ல பழக்கம், கெட்ட பழக்கம்" எண்டு மட்டும் கதைக்கேலாது, எங்கடை முகத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. 2007இலை சிம்கோ ஏரிப் பக்கம் இரவிலை மீன் பிடிச்சுக்கொண்டு நிண்ட ஆசிய ஆக்களைத் தண்ணிக்குள்ளை தள்ளினவை, அடிச்சவை. மனித உரிமை ஆணையம் விசாரிச்சு 2008இலை அறிக்கையும் விட்டது. அடிச்சவைக்கு வாயிலை இருந்த சாட்டு என்ன தெரியுமோ, "இவை சீசன் பாக்கிறேல்லை, அளவு பாக்கிறேல்லை, எல்லாத்தையும் வாளியிலை அள்ளிக்கொண்டு போயினம்." பொய்ச் சாட்டு, சட்டம் பாக்கிற வேலை அவையின்ரை இல்லை, அதுக்கு ஒஃபிசர் இருக்கு. எண்டாலும் மே மாதம் எங்கடை பெடியன் ஒருத்தன் டொக்கிலை நிண்டு பெட்டுக்குப் போடேக்கை எனக்கு மீனை விட அவனை நினைச்சுத்தான் பயம். வெள்ளைக்காரன் போட்டால் "தெரியாமல் செய்திட்டான்", எங்கடை ஆள் போட்டால் "இவங்கள் எல்லாரும் இப்பிடித்தான்".

பஃபலோ_ரவி

குமரன் அண்ணே சொன்னதுக்கு ஒரு பெரிய +1. இந்தப் பக்கமும் அந்தப் பார்வை உண்டு, லைசன்ஸைக் கழுத்துலயே மாட்டிக்கிட்டு நிக்கற நம்மாளுங்களைத்தான் முதல்ல கேக்கறாங்க.

லேக்ஃபோர்க்_செந்தில்

சரி, நான் சுருக்கமா சொல்லிடறேன். பெட் ஃபிஷிங்கை நான் விடப் போறதில்ல, டெக்சாஸ்ல அதுல ஏரி அழியலங்கறது என் முடிவு. ஆணைப் பிடிச்சு ஒதுக்கி வைக்கற வேலை நான் பண்றதில்ல, இனிமேலும் மாட்டேன். மீன்முள் சொன்ன அந்த 2012 விஷயம் மட்டும் உள்ள போய் உக்காந்திருக்கு, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. குளத்துல வெச்சுப் பார்த்தது பெரிய ஏரில அப்படியே நடக்குமான்னு கேக்கலாம், ஆனா அது வக்கீல் வாதம்.

மீன்முள்

அந்தக் கேள்வியே நல்ல கேள்விதான் ப்ரோ, வக்கீல் வாதம் இல்ல. பெரிய ஏரில கூட்டுக்குப் போகாம ஆழத்துல மாட்டற மீன் நிறைய இருக்கு, தேர்வு அவ்வளவு கூர்மையா இருக்காது. கூட்டைத் தேடித் தேடித் தட்டற தெளிஞ்ச சின்ன ஏரிக்குத்தான் எனக்குப் பயம்.

அஜாக்ஸ்_நிரோஷ்

அண்ணாமார், நான் போன வருசம்தான் பழக ஆரம்பிச்சனான். ஒரு சந்தேகம். ஜூன் மூண்டாவது சனி திறந்த உடனை போனால் எல்லாம் சரியோ? அப்பவும் கரையிலை வட்டத்துக்கை மீன் நிண்டால் என்ன செய்யிறது?

ஸ்கார்பரோ_குமரன்

நிக்கும் தம்பி. குளிர் கூடின வருசமெண்டால் திறக்கிற அண்டைக்கும் கன ஆண் மீன் குஞ்சோடை நிக்கும். சட்டப்படி போடலாம், நான் போடுறேல்லை. கரையை விட்டிட்டு எட்டு, பத்து அடித் தண்ணியிலை புல்லு முடியிற விளிம்பைப் பாருங்கோ, முட்டை போட்டு முடிச்ச பெண் மீன் அங்கைதான் பசியோடை நிக்கும், அது ஒழுங்காக் கடிக்கும். கறுப்புப் புழு மாதிரிச் சின்னக் குஞ்சு மேகம் போலை மேலை தெரிஞ்சால் அந்த இடத்தைச் சுத்திப் போங்கோ. கொக்கியிலை முள்ளை நசுக்கி விடுங்கோ, தவறிக் கொழுவினாலும் தண்ணிக்குள்ளையே கழட்டி விடலாம், ஃபோட்டோ வேண்டாம். கன்சர்வேஷன் லைசன்ஸ் எண்டால் ரெண்டு மீன், ஸ்போர்ட் லைசன்ஸ் எண்டால் ஆறு மீன் வைச்சிருக்கலாம், உங்கடை சோனிலை (மீன்பிடி வலயத்திலை) என்ன எண்டு அந்த வருசப் புத்தகத்திலை பாத்துக்கொண்டு போங்கோ.

அஜாக்ஸ்_நிரோஷ்

நன்றி அண்ணை. புல்லு விளிம்புக்கு என்ன லூர் போடுறது?

டிட்ராய்ட்_மணி

அதுக்குத் தனி இழை திற தம்பி, இங்க ஆரம்பிச்சா அடுத்த மே வரைக்கும் ஓடும்